ஃபேனுக்கும் ஹாரனுக்கும் ஒரே ரிலே

அன்று காலை எங்கள் காரில் ஃபேன் ஓடும், இல்லையென்றால் ஹாரன் அடிக்கும். இரண்டும் சேர்ந்து நடக்காது. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம்.

அக்கா ரம்யாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனி லேபில் பத்து மணிக்கு இன்டர்வியூ. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் தை மாசம் கல்யாணம் என்று நைனா சொல்லியிருந்தார். கடம்பத்தூரிலிருந்து ட்ரெயினில் போனால் மெட்ராஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். "காரு நிக்கும்போது இன்னாத்துக்கு ட்ரெயினு" என்று அவரே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

திருவள்ளூர் நெரிசலில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. ஓரங்கட்டினோம். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் அசையவில்லை.

"இன்ஜினீரு, வந்து பாரு" என்றார் நைனா.

எங்கள் கல்லூரியில் இன்ஜினை நெடுக்காக வெட்டி, சிவப்பு மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். முழு இன்ஜினைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றேன். பிறகு பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்தேன். சுற்றியது. ஃபியூஸும் போகவில்லை. ஆக, ஃபேனுக்குக் கரன்ட் விடும் ரிலே, தீப்பெட்டியில் பாதி இருக்கும் கறுப்பு டப்பா, அதுதான் செத்திருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்கப் பத்து மணி ஆகும். பக்கத்திலேயே ஹாரனுக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது. இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றினேன். ஃபேன் ஓடியது.

கிளம்பின இரண்டாவது நிமிஷம் நைனா கேட்டார்: "ஹாரன் எங்கடா?"

"ஃபேன்ல கீது நைனா."

பெரியபாளையம் தாண்டி ஒரு வைக்கோல் டிராக்டர் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நடை வேகத்தில் போனது. அது ஒதுங்கினால்தான் வழி.

"முந்து நைனா. மணி ஒம்பதே கால்" என்றாள் அக்கா.

"ஹாரன் இல்லாம எப்டிம்மா கேக்கறது?"

"வேணும்னே பண்றியா? மாப்ள ஊட்டுக்கு வாக்கு குடுத்துட்டியா?"

நைனா அடிக்காத ஹாரனை அமுக்கினார்.

நான் ஜன்னலில் தலையை நீட்டி, "ஓரம் போப்பா" என்று கத்தினேன். டிராக்டர்காரர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு கம்பெனி பஸ். அதன் ஹாரனில் ஒரு குறையும் இல்லை.

வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும், ஃபேன் வேண்டாம். ஹாரன் அடித்தால் டிராக்டர் ஒதுங்கும், ஒதுங்கினால் வேகமாகப் போகலாம் என்று நான் விளக்கினேன். பரீட்சையில் இதற்கு எட்டு மார்க் போடுவார்கள். ஓரங்கட்டினால் பஸ் முந்திவிடும் என்று நைனா நடு ரோட்டிலேயே நிறுத்தினார். சுடும் ரிலேயைக் கைக்குட்டையால் பிடுங்கி ஹாரனுக்கே மாற்றினேன்.

டிராக்டரை மறுபடி பிடித்து, ஒரு கிலோமீட்டர் விடாமல் அடித்தோம். அவர் காதில் இன்னும் பாட்டுதான். ஃபேன் இல்லாமல் முள் சிவப்பைத் தாண்டியது. பானெட்டிலிருந்து ஆவி வந்து இன்ஜின் நின்றபோது, டிராக்டர் தானாகவே கால்வாய்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

அக்கா ஃபைலோடு இறங்கினாள். பஸ் நெற்றியில் இருந்த பெயரைப் பார்த்தாள், கையிலிருந்த இன்டர்வியூ லெட்டரைப் பார்த்தாள், கதவருகே ஓடினாள். டிரைவர் ஏறச் சொன்னார்.

முன் சீட்டில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் அம்மா, அதுவரை போனில் இருந்தவர், நிமிர்ந்து கேட்டார்: "யாருதும்மா இந்த காரு? அரை மணி நேரமா உயிரை வாங்கறானுங்க."

அக்கா எங்களை ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியல மேடம்."

பஸ் எங்களை முந்தியது, முறையாக ஹாரன் அடித்து.

"தெரியலியாமே" என்றார் நைனா.

"வேல கெடைக்கணும்ல நைனா."

ரிலேயை ஃபேனுக்கு மாற்றிச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அருமையாகச் சுற்றியது. நைனா பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு, காலி ரோட்டில் ஹாரனை ஒரு முறை அமுக்கிப் பார்த்தார்.