இம்ரிச் பவ்லிக்கின் சொந்தக் குரல்

இம்ரிச் பவ்லிக் வாயைத் திறந்தால் செத்தவர்கள் பேசினார்கள். எங்கள் வார்னம் ஊரின் வாரப் பத்திரிகை இதை உருளைக்கிழங்கு விலைக்கும் தேவாலயக் கூரை பழுதுபார்க்கும் செய்திக்கும் நடுவில் நாலு வரியில் போட்டது. முதன்முதலில் அது நடந்தது ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிற்பகலில். அமெரிக்கக் கால்பந்தில் பென்விக் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலை அணியிடம் எங்கள் சுரங்க அணி தோற்றுக்கொண்டிருந்தது. பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் சிமிட்டும் நேரத்தில் முடிவெடுக்கிற குவார்ட்டர்பேக் கார்லன் ஸ்டாட், விரல் ஒடிந்து வெளியே வந்துவிட்டான். அவனுக்குப் பதிலாக அனுப்ப இம்ரிச்சை விட்டால் ஆளில்லை. சுரங்கத்தில் நிலக்கரி வண்டிகளைக் கோக்கிற வேலை அவனுக்கு. ஒல்லி உடம்பு, எறிந்தால் பந்து காற்றில் யோசித்துக்கொண்டே போகும். பதினொரு பேரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்த வட்டத்துக்குள் நின்று அவன் சொன்னான்: "வலப்பக்கம். டெசாரிக்குப் பின்னாடி. மூணு எண்ணினதும் கிளம்புங்க." நடுவில் நிற்கும் புருனோ டெசாரி விருட்டென்று நிமிர்ந்தான். மூன்றாம் சுரங்க வெடிப்பில் செத்துப்போன அவன் அப்பாவின் குரல் அது. பக்கத்தில் இருந்தவனுக்கு அதே சொற்கள் அவனுடைய அண்ணன் குரலில் கேட்டன. ஓரத்தில் நின்ற இரட்டையர் இருவருக்கும் ஒரே மாமா. போய் அவரவர் இடத்தில் நின்றார்கள், மூன்று எண்ணியதும் கிளம்பினார்கள். பென்விக்காரர்கள் வேலி மாதிரி சரிந்தார்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் மதுக்கடையில் ஒரே வாக்குவாதம். ஸ்டாட்டின் விரல் கூடிவிட்டது. அவன் எறிந்தால் பந்து தேவாலயக் கோபுரத்தைத் தாண்டும். ஒரு அணியை யாரைச் சுற்றிக் கட்டுவது? கைதான் முக்கியம் என்றார்கள் சிலர், கால் என்றார்கள் சிலர், உயரமாக இருந்தால்தான் தடியர்களின் தலைக்கு மேலே பார்க்க முடியும் என்றார் அஞ்சல்காரர். முடிவு சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர் எம்லின் பிராசர். கசாப்புக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், வளவளப்பு இல்லாதவர். மார்ச் மாதப் பயிற்சியின்போது அவரே வட்டத்துக்குள் புகுந்து தலையைக் குனிந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் இம்ரிச், "மழை வர்ற மாதிரி இருக்கு, கோச்" என்றான். பிராசர் குனிந்த தலையை நிமிர்த்தி வட்டத்தை விட்டு வெளியே வந்தார். பிறகு கடைக்குப் போய், விளக்குப் போடாமல், வெட்டுமேடைக்குப் பின்னால் மாலை வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஸ்டாட்டைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பொணம் பேசுதுன்னு என்னைத் தூக்கிட்டீங்களா?" என்று கத்தினான் ஸ்டாட்.

"உன் கை நல்ல கைடா. ஆனா ஒரு கைக்காகப் பத்துப் பேர் மூக்கை உடைச்சுக்க மாட்டாங்க."

ஸ்டாட் பென்விக்குக்குப் போய்ச் சேர்ந்தான். பிராசர் இம்ரிச்சைச் சுற்றி அணியைக் கட்டினார். அவனுக்கு முன்னால் நிற்க ஆள் எடுக்கும்போது அவர் எடையைப் பார்க்கவில்லை, யாரை இழந்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த ஆட்கள் இம்ரிச்சை யாரும் தொட விடவில்லை. தகப்பனைத் தள்ள வந்தவனை எப்படித் தடுப்பார்களோ அப்படித் தடுத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் கோப்பை எங்களிடமே தங்கியது. வட்டத்தை விட்டுக் கலைய மனமில்லாமல் நின்றதால் நடுவர் விசில் அடித்து அடித்து, தாமதத்துக்குத் தண்டனையாக எங்களைச் சில அடி பின்னுக்குத் தள்ளுவார். அது ஒன்றுதான் குறை.

குரல் மைதானத்தோடு நிற்கவில்லை. ரொட்டிக்கடையில் இம்ரிச் காலை வணக்கம் சொன்னால் கல்லாவில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பூசை முடிந்ததும் விதவைகள் அவன் வாசலில் வந்து நிற்பார்கள். பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒருத்தி, "கதவைச் சாத்துன்னு சொல்லுப்பா" என்பாள். இன்னொருத்தி, "வேலைக்குப் போயிட்டு வரேன்னு மட்டும்" என்பாள். அவன் சொல்வான். தலையாட்டிவிட்டு, தாங்கள் கொண்டுவந்த முட்டைக்கோஸ் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போவார்கள். இம்ரிச்சின் மனைவி வெரோன்காவுக்கு அவன் பேசினால் அவளுடைய தம்பி மத்தேய் பேசுவது போலிருந்தது. இருபது வயதில் சுரங்கத்தோடு போனவன். முதலில் அவள் அழுதாள், பிறகு பழகினாள், அதன் பிறகு பக்கத்தில் படுக்கக் கூசினாள். "தப்பா எடுத்துக்காத. கண்ணை மூடினா என் தம்பி பேசுறான். நான் என்னதான் செய்ய?" என்றாள். இம்ரிச் வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவன் காதுக்கே அவன் பேச்சு செத்துப்போன அப்பாவின் பேச்சாகத்தான் விழுந்தது. தன் குரல் எப்படி இருந்தது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

லூதர் கேன் நெப்ராஸ்காவிலிருந்து வந்தவன். சோளக்காட்டுக் குடும்பம், நீண்ட கால், பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் போல் ஓடுவான். யாரை இழந்திருக்கிறாய் என்று பிராசர் கேட்டதற்கு, "யாரையும் இல்லை, கோச். எங்க கொள்ளுத்தாத்தாவே இன்னும் டிராக்டர் ஓட்டுறார். இறங்குன்னா திட்டுறார்" என்றான். பிராசர் தயங்கினார், ஆனாலும் காலைப் பார்த்து எடுத்துக்கொண்டார். முதல் பயிற்சியில் வட்டம் கலைந்ததும் எல்லோரும் லூதரைச் சூழ்ந்தார்கள்.

"உனக்கு யாரு பேசினாங்க?" என்றான் டெசாரி.

"யாரு பேசினாங்களா? இதோ நிக்கிறானே, இவன்தான். மூக்கடைச்ச ஆட்டுக்குட்டி மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். இம்ரிச் சிரிக்கவில்லை. லூதரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு. எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இல்லைடா, உண்மையைச் சொல்றேன். நடுங்குது. ஒவ்வொரு தடவையும் செத்துப் போயிருவோமோன்னு நடுங்குது. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிடுது."

அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகவே திரிந்தார்கள். சுரங்க வாசலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இம்ரிச் ஆண்டுக்கணக்கில் தேக்கி வைத்ததையெல்லாம் பேசித் தீர்த்தான். லூதர் தின்றுகொண்டே கேட்டான், பாதியில் கேலி செய்தான். ஆட்டத்தின்போது மற்றவர்கள் காதில் விழுந்ததெல்லாம் தகப்பன்களின் கட்டளை. லூதர் காதில் மட்டும் பயந்தவன் ஒருவனின் மூச்சு விழுந்தது. அதனால் அவன் மற்றவர்களைவிட முன்னதாகவே திரும்பிப் பந்துக்குக் கை நீட்டினான். ஏன் இவ்வளவு அவசரம் என்று பிராசர் கேட்டபோது, "அவன் ரொம்ப நேரம் அங்க தனியா நிக்கக் கூடாது, கோச்" என்றான்.

இது வெரோன்காவின் காதுக்கு எட்டியது. ஒரு சனிக்கிழமை லூதரைச் சாப்பிடக் கூப்பிட்டு, மேசையில் கணவனுக்கும் தனக்கும் நடுவில் உட்கார வைத்தாள். "இவன் சொல்றதை நீ அப்படியே சொல்லு. இவன் இழுக்கிற மாதிரியே இழுக்கணும். அழகா மாத்திடாத" என்றாள். சூப்பில் உப்பு கம்மி என்றான் இம்ரிச். சூப்பில் உப்பு கம்மி என்று மூக்கால் இழுத்தான் லூதர். வெரோன்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கட்டிக்கொண்டவனின் முணுமுணுப்பேதான் அது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் மூன்று தட்டு. லூதர் வழியாக அவர்கள் சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். ஒருமுறை இம்ரிச் சொன்ன எதையோ சொல்ல மாட்டேன் என்று லூதர் காது வரை சிவந்து எழுந்துவிட்டான். "புரிஞ்சிடுச்சு, நீ வீட்டுக்குப் போ" என்றாள் வெரோன்கா. அடுத்த கோடையில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. யாரையும் இழந்திராத அந்தக் குழந்தையும் தகப்பனின் சொந்தக் குரலைக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் அதைச் சொல்ல அப்போது அது பேசத் தொடங்கியிருக்கவில்லை.

நவம்பரில், பென்விக்கோடு கோப்பை ஆட்டத்துக்கு முந்தின வாரம், சுரங்க அலுவலகத் தொலைபேசியில் லூதருக்கு அழைப்பு வந்தது. களத்துமேட்டில் நின்றிருந்த அவன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டாள். அவன் அன்றே ரயிலேறினான். அடக்கம் முடித்து ஞாயிறு மதியம் நேராக மைதானத்துக்கு வந்து சேர்ந்தான். அணிந்திருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் இம்ரிச் ஓடிவந்தான். லூதர் சட்டென்று அவன் வாயைப் பொத்தினான்.

"பேசாத. இன்னைக்கு எங்கிட்ட பேசாத. கையைக் காட்டு, புரிஞ்சுக்கறேன்."

இம்ரிச்சுக்குப் புரிந்தது. அன்றைய வட்டங்களில் லூதர் வெளியே தள்ளி நின்றான், இரண்டு காதிலும் கம்பளித் துணியைத் திணித்துக்கொண்டு. இம்ரிச் ஒன்பது பேருக்கு வாயால் சொன்னான், அவனுக்கு விரலால் சொன்னான். அப்படியும் ஆட்டம் நடந்தது. எதிர்ப்பக்கம் ஸ்டாட் கோபுர உயரத்துக்குப் பந்தை எறிந்து புள்ளிகளை அள்ளினான், எங்கள் வரிசை தலையால் முட்டி ஈடுகட்டியது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறியது, அதோடு சுரங்கப் புகையும் கலந்தது. நாங்கள் பின்தங்கியிருந்தோம், ஒரே ஓர் எறிதல்தான் பாக்கி. நீட்டிய கை தெரியாத பனி. இம்ரிச் விரலைக் காட்டினான், லூதருக்குத் தெரியவில்லை. கிட்டே வந்து காட்டினான், அப்போதும் தெரியவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

லூதர் காதிலிருந்த துணியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு வட்டத்துக்குள் வந்து தலையைக் குனிந்தான்.

"இடக்கோடி வரைக்கும் ஓடு. திரும்பிப் பார்க்காத. பந்து வரும்" என்றான் இம்ரிச்.

லூதரின் தோள்கள் ஒருமுறை குலுங்கின. பனிக்குள் முகத்துக்கு வெகு அருகில் அவன் முகத்தைத் தேடிப் பிடித்து இம்ரிச் கேட்டான்: "உனக்குமா, லூதர்?"

"ஆமாம்மா" என்றான் லூதர்.

பிறகு இடக்கோடி வரைக்கும் ஓடினான், திரும்பிப் பார்க்கவில்லை. டெசாரியும் மற்றவர்களும் மண்ணில் முழங்காலூன்றி, வந்தவர்களைத் தாங்கினார்கள். இம்ரிச் கடைசி நொடி வரை நின்றான், ஸ்டாட்டின் ஆட்கள் மேலே விழும்போது பந்து அவன் கையை விட்டிருந்தது. அது காற்றில் யோசிக்கவில்லை. பனிக்குள்ளிருந்து லூதரின் கைகளில் வந்து இறங்கியது.

மைதான ஓரக் கயிற்றுக்கு இந்தப்புறம் நின்ற வெரோன்கா, தோளில் குழந்தையோடு, ஊரே கத்தியபோது கத்தவில்லை. கோப்பையோடு வந்தவர்களில் லூதர் மட்டும் யாரையும் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாள். அன்று மாலை மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். இம்ரிச் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"பேசு," என்றாள். "யார் குரல்ல வந்தா என்ன, நடுங்குறது நீன்னு எனக்குத் தெரியும்."

அவன் பேசினான். அவள் கண்ணை மூடவில்லை. அந்த அணி அதற்குப் பிறகும் பல காலம் அவனைச் சுற்றியே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மைதானத்துக்கு வந்து தன்னைச் சேர்ந்த செத்தவர்களின் குரலைக் கேட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பியது.