கீல் சரியில்லாத கதவு

இணையத்தில் ஆபாசம் பார்ப்பதை நிறுத்த முடியாதவர்களுக்கான சிகிச்சைக் குழு, இணையத்திலேயே கூடியது. குடிகாரர்களுக்குச் சாராயக்கடை மாடியில் வகுப்பெடுப்பதுபோல. இதை யாரும் ஆலோசகரிடம் சுட்டிக்காட்டவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணி. போன் திரையில் ஆலோசகரோடு சேர்த்து ஏழு சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு முகம். பெயர் சொல்லக் கூடாது என்பதால் தொழிலே பெயர். லிஃப்ட் மெக்கானிக் காதில் இயர்போனுடன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் சார், கதவ சாத்துங்க. இங்க பேசறது வெளியில கேக்கக் கூடாது" என்றார் ஆலோசகர்.

வீட்டு விதி வேறு. "போன் கையில இருந்தா கதவு திறந்திருக்கணும். இனி ஒரு தடவ சாத்துனீங்க, பிள்ளைய கூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொல்லி முப்பத்து நான்கு நாளாகிறது. அன்று நிறுத்தியவன் நிறுத்தியவன்தான் என்பது வீட்டுக்குச் சொன்ன கணக்கு. நிறுத்தி நான்கு நாள் ஆகிறது என்பது நிஜம். அவன் வேலை பார்க்கும் மொட்டைமாடிகளில் லிஃப்டின் மோட்டார் அறைக்கும் உள்ளிருந்து சாத்திக்கொள்ளக் கதவு உண்டு என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"சாத்த முடியாது மேடம். கீல் சரியில்ல." ஊரிலுள்ள லிஃப்ட் கதவுகளையெல்லாம் சாத்த வைப்பவன் சொன்ன காரணம் இது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முதலில் பேசினார். எப்போதும் அவர்தான் முதலில். "மனசுங்கறது ஒரு வகுப்பறை. நான் உள்ள நுழைஞ்சா சத்தமே இருக்காது. இன்னிக்கு இருநூத்திப் பன்னெண்டாவது நாள்!"

மற்றவர்கள் கைதட்டினார்கள். ஒலியை அணைத்திருந்ததால் ஈ ஓட்டுவதுபோல் இருந்தது.

"லிஃப்ட் சார், உங்களுக்கு எத்தன நாள்?"

அவன் கூடத்தைப் பார்த்தான். முப்பத்து நான்கு என்றால் எல்லாம் அப்படியே ஓடும். மோட்டார் அறையும்.

"நாலு." கொஞ்சம் உரக்கவே மறுபடி சொன்னான். "நாலே நாள்தான் மேடம். வீட்ல முப்பத்தி நாலுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கூடத்தில் துணி உதறும் சத்தம் நின்றது.

காதுக்குள் தலைமையாசிரியர் செருமினார். "என் கணக்குல... லீவு நாளு சேக்கல."

"எது சார் லீவு?" என்றார் இன்னொரு சதுரத்திலிருந்த பல் டாக்டர்.

"சனி, ஞாயிறு. அப்புறம் முழுப்பரீட்சை லீவு."

யாரும் சிரிக்கவில்லை.

மனைவி அறை வாசலில் நின்றாள். கையில் பாதி மடித்த அவன் சட்டை. போனிலிருந்த சின்னச் சின்ன முகங்களைப் பார்த்தாள். பிறகு அவனை.

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியத முழுசா சொல்லி முடிங்க. அப்புறம் வெளிய வந்து என்கிட்ட சொல்லுங்க."

வெளியிலிருந்து அவளே கதவை இழுத்துச் சாத்தினாள். கீல் சத்தம்கூடப் போடவில்லை.