ஓமமும் சீரகமும்

சிவசாமியின் நாக்கு அவருக்குச் சொந்தமானதல்ல, தோட்டத்துக்குச் சொந்தமானது. கல்யாணமாகி வந்த வாரமே மீனம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. கொட்டகலைக்கு மேலே, பாதை மலையைச் சுற்றி ஏறி முடிகிற இடத்தில் இருந்த தேயிலைத் தொழிற்சாலைக்கு அவர் டீமேக்கர். காலையில் வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து கரண்டியால் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்பிவிட்டு, அன்றைய தேயிலை தேறுமா தேறாதா என்று சொல்வது அந்த நாக்கின் வேலை. ஆகவே வீட்டில் பூண்டு கிடையாது. பெருங்காயம் கிடையாது. வெங்காயம் அரிவதே இல்லை. மிளகாய் பேருக்கு. அனுமதி பெற்ற ஒரே வாசனை சீரகம்தான். அதையும் பச்சை வாடை போய்க் கருகல் வாடை வருவதற்கு முன்னால் சட்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். தவறினால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார்.

மீனம்மா இதைக் குறையாக நினைத்ததில்லை. மற்ற பெண்கள் புருஷனுக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார்கள். அவள் எல்லா நாளும் இருந்தாள், அவ்வளவுதான். எதைச் சமைத்து வைத்தாலும் அவர் "ம்" என்பார். அந்த "ம்"மில் எத்தனை வகை உண்டு என்பது அவளுக்கு மட்டும் தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய துரையும் போனார். போவதற்கு முன் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டபோது, தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த அழகுமுத்து, உள்ளே கேக்கு வேகவைக்க அறை வைத்த இரும்பு டோவர் அடுப்பொன்றை எடுத்தார். அதோடு குழிக்குழியாக இருந்த கேக்குத் தட்டும் வந்து சேர்ந்தது. அவருடைய மனைவி நாகலெட்சுமி கண்டியில் கன்னிமார் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அடுப்பு வந்து இறங்கிய அன்றே மாவைப் பிசைந்துவிட்டாள். குழித்தட்டில் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு உப்புக் கேக், தட்டைத் தகரத்தில் பூண்டும் ஓமமும் போட்டுக் காரபிஸ்கட்டு. மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் அந்த வீட்டுப் புகைபோக்கியிலிருந்து இறங்கும் வாசனை தேயிலைச் செடிகளுக்கு மேல் தாழ்வாகப் படுத்திருந்து, நேராக மீனம்மாவின் சமையலறைக்குள்தான் வந்தது.

அதுவரைக்கும்கூட ஒன்றுமில்லை. ஒரு நாள் சாயங்காலம் சிவசாமி வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, கேட்காமலே சொன்னார்:

"கிளாக்கர் வீட்ல பிஸ்கட்டு போட்டிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. மூணு தின்னுட்டேன்."

மீனம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. பூண்டு! இந்த வீட்டுக்குள் நுழையக்கூடாத பூண்டு அந்த வீட்டில் எப்படி நல்லாத்தான் இருந்தது? சாயங்காலம் வேலை முடிந்தபிறகு தின்றால் விடிவதற்குள் நாக்கு தெளிந்துவிடும் என்றால், அந்தச் சாயங்காலங்கள் இத்தனை வருஷமாக இங்கேயும் இருக்கத்தானே செய்தன? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதற்குப்பிறகு அவருடைய சட்டைகளைத் துவைப்பதற்கு முன்னால் பையைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு வந்தது. சில நாள் ஒன்றுமிருக்காது. சில நாள் பையின் தையலோரம் பொன்னிறத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றை நகத்தால் கிளறி எடுத்து மோந்துபார்ப்பாள். வேறு பெண்கள் புருஷன் சட்டையில் மல்லிகைப்பூ வாசனையைத் தேடுவார்களாம்; தன் தலையெழுத்து ஓமத்தில் வந்து முடிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு சட்டையைக் கல்லில் ஓங்கி அடிப்பாள்.

நாகலெட்சுமி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ வாய் நிறைய அக்கா, அக்கா என்றாள். ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பினாள். செய்முறையை ஒளிக்காமல் ஒப்பித்தாள். மாவுக்குப் பாதி வெண்ணெய், தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது, கை சூடு படாமல் விரல் நுனியால் பிசிற வேண்டும். கடைசியில், "அடுப்பு வேணும்னா இங்கயே வந்து போடுங்கக்கா. அண்ணனுக்குத்தான் எவ்வளவு ஆசை பாருங்க, கேட்டுக் கேட்டுத் திங்கிறாங்க" என்றாள். மீனம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கேட்டுக் கேட்டு! பதினோரு வருஷத்தில் தன்னிடம் அவர் உப்பைக்கூடக் கேட்டு வாங்கியதில்லை.

சிவசாமி ஹட்டனுக்குப் போயிருந்த நாளில் அவள் வேலையைத் தொடங்கினாள். டோவர் அடுப்பு இல்லாவிட்டால் என்ன? கனத்த இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பிக் காயவைத்தாள். அதன்மேல் தகரத் தட்டை வைத்து, மூடிபோட்டு, மூடியின்மேல் நெருப்புக் கங்குகளை அள்ளிக் கொட்டினாள். முதல் தட்டு அடியில் கரியாகவும் மேலே பச்சை மாவாகவும் வந்தது. அதை ஆடு தின்றது. அடுத்தது கல். மூன்றாவது முறை கங்கைக் குறைத்து, மணலைக் கூட்டி, சட்டியின் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓமம் மட்டும் வீட்டில் இல்லை. கொட்டகலைக் கடைவீதியில் இஸ்ஸதீன் கடைக்கு ஆளனுப்பினால், டீமேக்கர் வீட்டுக்கு எதுக்கு ஓமம், யாருக்கு வயிற்றுவலி என்று இஸ்ஸதீன் முதலாளி நலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். போகட்டுமென்று வறுத்த சீரகத்தைப் போட்டாள். பூண்டை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயாவிடம் வாங்கியிருந்தாள், காதுவலிக்கு என்று சொல்லி.

மூடியைத் திறந்தபோது பிஸ்கட்டுகள் சிவந்து, ஓரம் பொரிந்து, ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. ஒன்றை உடைத்துத் தின்றாள். நாகலெட்சுமியினுடையதைவிட இது ஒரு படி மேலே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதாலேயே அந்தத் தோற்றத்தின்மேல் சந்தேகமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலை இல்லை. அன்றைக்கு அவர்முன் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பது என்று திட்டம். அதுவரை எங்கே ஒளிப்பது? அந்த மனிதரின் மூக்குக்குப் பயந்து வீட்டில் எங்கும் வைக்க முடியாது. மழையில் தொழிற்சாலையின் பெட்டி அறை ஒழுகியதால், புதுத் தேயிலைப் பெட்டிகள் சிலவற்றை அவள் வீட்டுப் பின்பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டிகள். வெளிவாசனை ஒரு துளி உள்ளே போகாது. டீமேக்கர் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? பிஸ்கட்டுகளை வெண்ணெய்த்தாளில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள். மறுநாள் திறந்துபார்த்தாள், மொறுமொறுப்பு அப்படியே இருந்தது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள். வெளிவாசனையை உள்ளே விடாத தாள், உள்வாசனையையும் வெளியே விடாது என்பதை மட்டும் அவள் நினைத்துப்பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை ஒத்துப்பார்த்துவிடலாம் என்று நாகலெட்சுமி வீட்டுக்குப் போய், அவள் கொடுத்த பிஸ்கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஓமம் நாக்கில் முள்ளாக நின்றது. நம்முடையதுதான் மேல், சந்தேகமே இல்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவளைப்போல் வந்து பின்வாசலைப் பார்த்தால், பெட்டிகள் ஒன்றுகூட இல்லை. சமையலறை மேசையில், வெண்ணெய்த்தாள் பொட்டலம் பவ்வியமாக வைக்கப்பட்டிருந்தது.

லொறி இன்றைக்கே ரயிலடிக்குப் போகிறதாம், பெட்டி போதவில்லையாம். பாக்கிங் அறை மூக்கன் வந்து எல்லாவற்றையும் எடுத்துப்போனானாம். ஒன்றுக்குள் பொட்டலம் இருந்ததாகவும், அம்மா சாமான் என்று அதை உள்ளே வைத்ததாகவும் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைக் குடித்துவிடும். இரண்டு நாள் பூண்டும் வெண்ணெயும் ஊறிய பெட்டிக்குள் அதைக் கொட்டினால் கேட்கவே வேண்டாம். இப்போதே ஓடிப்போய்ச் சொன்னால் ஒரு பெட்டிதான் வீண். மீனம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

அங்கே நின்றபடி பார்த்தால் பாக்கிங் அறையின் கதவு தெரியும். கிளாக்கர் அழகுமுத்து, பெட்டிகளுக்கு எண் குறிக்கிற தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்துகொண்டிருந்தார். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. நுழைவதற்கு முன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மீனம்மா நின்றாள்.

நிரப்பிய பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் முன், ஒவ்வொன்றிலும் முகத்தைவிட்டு மோந்துபார்ப்பது சிவசாமியின் வழக்கம். அந்தப் பெட்டி அவரைத் தாண்டிப் போகாது. தோட்டத்தின் பெயருக்கு ஒன்றும் வந்துவிடாது. மூக்கன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் டீமேக்கர் வீட்டைச் சொல்லமாட்டான். ஆனால் பிஸ்கட்டு வாசனை என்றதும் எல்லார் கண்ணும் யாரைப் பார்க்கும்? யார் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்கும்? புதுத் துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இரும்பு அடுப்பு துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை. திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்கினால் போதும்.

திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்கினாள்.

மத்தியானம் சாப்பிடும் வேளைக்கு முன்பே சிவசாமி வந்தார். கைக்குட்டை முடிச்சொன்றை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். கரிய தேயிலை.

"மோந்து பாரு."

"எனக்கென்னங்க தெரியும்? நான் என்ன டீமேக்கரா?"

அவர் உட்கார்ந்தார். ஒரு பெட்டியில் வாடை இருந்ததையும், மூக்கன் முதல் எல்லாருமே கிளாக்கர் வாயைப் பார்த்ததையும், அந்த நேரம் பார்த்துத் துரை வந்துவிட்டதையும் நிதானமாகச் சொன்னார். இனி அந்த வீட்டுப் பலகாரம் ஆபீஸ் பக்கமே வரக்கூடாது என்று துரை கத்தினாராம். அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம், அடிவாங்கின பிள்ளை மாதிரி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்லிக்கலாம்னு வந்தேன்." தேயிலையை விரலால் கிளறினார். "அவங்க வீட்டுதுன்னா ஓமம் இருக்கும். தூக்கலா, முன்னுக்கு வந்து நிக்கும். பூண்டு அதுக்குப் பின்னாலதான் வரும். இதுல ஓமமே இல்ல. வறுத்த சீரகம். கருகாம வறுத்த சீரகம். இந்தத் தோட்டத்துல அப்படி வறுக்கிற கை ஒண்ணுதான் இருக்கு."

அகப்பட்டுக்கொண்டோம் என்பது மீனம்மாவுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது வேறு.

"அந்த வீட்டு ஓமம் அவ்வளவு ஞாபகமா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பெட்டித் தேயிலை கெட்டுக் கெடக்கு. ஒரு மனுசன் செய்யாத குத்தத்துக்கு அங்க நிக்கிறான். நீ ஓமத்தைக் கேக்குற."

"நான் வேற எதைக் கேக்குறது? இத்தனை வருஷமா ஒரு 'ம்'முக்கு மேல நான் எதைக் கேட்டேன்? அங்க போனாத்தான் உங்களுக்கு நாக்கு இருக்குன்னு தெரியுது."

மழை தகரக்கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கைக்குட்டையை மறுபடி முடிந்தார். முடிச்சு சரியாக விழவில்லை; அவிழ்த்துத் திரும்பவும் முடிந்தார்.

"எங்க அது?" என்றார் கடைசியில்.

பொட்டலத்தை அவர்முன் வைத்தாள். இன்றைக்கு இனிமேல் ருசிபார்க்கிற வேலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். கோப்பைத் தேநீரை உருட்டுவதுபோலவே வாய்க்குள் உருட்டினார், துப்பவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய தாடையைப் பார்த்தபடி நின்றாள். இரண்டாவதையும் எடுத்துத் தின்றார்.

"எது நல்லாருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

"எந்த மலைக் கொழுந்துன்னு சொல்றதுதான் என் வேலை. எது ஒசத்தின்னு வாங்குறவன் சொல்லிக்குவான்."

"நீங்க வாங்குறவராச் சொல்லுங்க."

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டுதான். அங்கே மூன்று.

அப்புறம், போகிற போக்கில், இன்னொன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "துரைகிட்ட காட்டணும். என் வீட்டுது, கிளாக்கர் வீட்டுது இல்லன்னு சொல்லணுமில்ல. மோந்து பாத்தா அவருக்கே தெரியும்."

"வேலைக்கு ஏதும் ஆயிடுமா?"

"லொறியில ஏத்தியிருந்தா ஆயிருக்கும். ஏச்சு வாங்கணும், வாங்கிக்கிறேன். நீ சாயங்காலம் அந்தப் புள்ளையப் போய்ப் பாரு. அழுதுகிட்டு இருக்குமாம்."

அந்தப் புள்ள அழுவது இவருக்கு யார் சொல்லித் தெரியும் என்று மீனம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டினாள். போகத்தான் வேண்டும், போய்ச் சொல்லத்தான் வேண்டும். சொன்னதும் அவள், "ஐயோ அக்கா, அதனால என்ன" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

சிவசாமி குடையை விரித்துக்கொண்டு பங்களாப் பாதையில் ஏறினார். மீனம்மா ஜன்னலுக்கு வந்தாள். பையில் போனதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? துரையிடம் போய்ச் சேர்ந்தால் அது சாட்சி. வழியில் வாய்க்குப் போனால் மூன்றாவது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குடை சின்னதாகிக்கொண்டே போனது. பாதை வளைகிற இடத்தில் அவர் ஒரு கணம் நின்றார். குடை லேசாகச் சாய்ந்தது. கை மார்புப் பக்கம் போனதுபோலத்தான் இருந்தது. கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை அவள் முந்தானையால் அவசரமாகத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள், பனிமூட்டம் இறங்கி அந்த வளைவை மூடிவிட்டது.

சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் போடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் காத்திருக்க ஆரம்பித்தாள்.