மூன்று கப் உப்பு

மூன்றாவது கப்பையும் மாமா அண்டாவில் கவிழ்த்த பிறகுதான் சின்னவள் மேடைமேல் இருந்த பாக்கெட்டைப் பார்த்தாள். தூள் உப்பு.

"மாமா, கல்லுப்புதானே போடணும்?"

"எல்லாம் உப்புதானே? நாப்பது கிலோவுக்கு மூணு கப்னு உங்கப்பாதான் சொல்லுவாரு. அதே கப்புதான்."

அதே கப்தான். விளிம்பு நெளிந்த எவர்சில்வர் கப். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பா காலையில் தக்காளிக் கூழைக் கிண்டினார். கொஞ்சம் மூச்சு வாங்குது என்று ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. சாயங்காலத்துக்குள் அவரைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாயிற்று. வந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான். "அவர் அடுப்புல வெச்ச சாஸ். கீழ கொட்டிடாதீங்க." உடனே அம்மாவின் தம்பி, ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணிப் போயிற்று.

"போச்சு. அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? கொட்டிட்டு வேற பண்ணிடலாமா? அவளுக்குத் தெரியவா போகுது?"

"கொட்டற பேச்சே வேணாம். தள்ளுங்க."

அழுது அழுது அவளுக்குக் கண் எரிந்தது. ஆனால் இந்தக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எடைமெஷினை வாங்கி வந்தவளே அவள்தான். தராசு ருசி பாக்குமா என்று அப்பா கிண்டலடிப்பார். ருசி நீங்க பாருங்க, கணக்கு அது பாக்கட்டும் என்பாள். கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

காலிக் கப்பை எடைமெஷினில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினாள். கல்லுப்பு தலைதட்டி ஒரு கப், இருநூற்று நாற்பது கிராம். தூள் உப்பு அதே கப், முந்நூறு.

"கல்லுப்புல நடுநடுவே சந்து இருக்கும் மாமா. தூள் நெருக்கி உட்கார்ந்துக்கும். கப்பு ஒண்ணுதான், எடை வேற."

"போட்டதை எடுக்கவா முடியும்?"

"எடுக்க முடியாது. உப்பு கால் பங்கு கூடிடுச்சுல்ல, கூழையும் கால் பங்கு கூட்டுவோம். இன்னும் பத்து கிலோ. சர்க்கரை, வினிகரெல்லாம் இனிமேதானே, அதையும் அம்பது கிலோவுக்கே போட்டுடலாம்."

"சரியா வருமா?"

"வரும்."

நாளைக்கென்று வாங்கி வைத்திருந்த தக்காளிக் கூடைகளை இழுத்தாள். மாமா நறுக்கினார். அண்டாவில் இடம் போதாமல் பாதியை இன்னொன்றுக்கு மாற்றினார்கள். எல்லாம் கொதித்துத் திரண்டபோது அம்மா வந்து நின்றாள். கரண்டியின் ஓரத்தை வழித்து வாயில் வைத்தாள். மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சிட்டிகை உப்பு குறையுது" என்றாள் அம்மா.

"அப்பாவுக்குத்தாம்மா எப்பவும் ஒரு சிட்டிகை குறையும்."

"ஆமா. அவருக்குத்தான்."

அம்மா கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரொட்டி இருந்தா எடுத்துட்டு வா. அவனுக்கும் குடு. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."

மாமா ரொட்டியைச் சாஸில் தோய்த்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்றார்.