ராணா சங்காவுக்கு ஒரு புள்ளி

சேவை செய்ய வந்தவர்கள் முதலில் செய்த வேலை, எங்கள் கல்லூரி வாசல் வேப்பமரத்தில் ஆணி அடித்ததுதான். ஆணியில் பேனர் தொங்கியது. 'கேளாமலே உதவுவோம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே பள்ளித் தாளாளர், தலைமையாசிரியர், மாணவர் சேவை மன்றப் பொறுப்பாசிரியர் பாக்கியசீலன் ஆகிய மூவரின் படங்கள். மூன்று பேரும் தூரத்தில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் நிகழ்ச்சிக்கு இந்தப் போஸ் தேவைதானா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பார்வையற்றவர் விடையைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் தேர்வருக்குக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதிகம் தெரிந்த ஆளாக இருந்துவிடக் கூடாதாம். படிப்பு குறைவாக இருப்பதே தகுதியாகிற வேலை, அரசியலுக்கு அடுத்து, இது ஒன்றுதான். அதனால் எங்கள் பி.ஏ. பிள்ளைகளுக்கு எழுத, பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றின் பிளஸ் ஒன் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ரூபாய் நோட்டு அகலத்துக்கு ஒரு பேட்ஜ். அதிலும் 'கேளாமலே உதவுவோம்'.

நான் வணிகவியல் வாத்தியார். அன்று எனக்குத் தனி அறைக் கண்காணிப்பு. இரண்டு பேர் உட்கார்ந்து எழுதுவதை மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம். யாரும் வேண்டி வாங்குவதில்லை.

தேர்வு எழுத வந்தவள் அனுராதா. களக்காட்டுப் பெண். பி.ஏ. வரலாற்றில் இந்த ஒரு தாள்தான் அவளுக்கு அரியர், ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டது. இது தேறினால் பட்டம். பட்டம் வந்தால் பி.எட். சேர இடம் வைத்திருக்கிறார்கள். தேறாவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்கு. பாக்கியசீலன் அவளை வராந்தாவிலேயே மடக்கிவிட்டார்.

"ரெண்டே நிமிசம்மா. 'எங்கள் இருளில் ஒளியாக வந்த மன்றத்துக்கு நன்றி'ன்னு சொல்லிரு. கேமராவைப் பாத்துச் சொல்லணும்."

"கேமரா எந்தப் பக்கம் சார்?"

"இங்கன, இங்கன."

"இங்கனன்னா எங்கன சார்?"

பாக்கியசீலன் கையை ஆட்டிக் காட்டினார். பிறகு தான் செய்வது என்னவென்று அவருக்கே புரிந்து கையை இறக்கினார்.

"முதல்ல பரீட்சை முடியட்டும் சார்," என்றாள் அனுராதா. "எழுதுத லெச்சணத்தப் பாத்துட்டு நன்றி சொல்லுதேன்."

அவளுக்கு எழுத வந்த பெண் ரீபா களுக்கென்று சிரித்துவிட்டு, பொறுப்பாசிரியர் பார்த்ததும் முகத்தைச் சேவைக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டாள்.

அறைக்குள் வந்ததும் அனுராதா மூன்று சங்கதி கேட்டாள். எழுதுவது பால்பாயிண்ட் பேனாவாக இருக்க வேண்டும், ஜெல் பேனா ஆகாது. அடியில் அட்டை வைக்கக் கூடாது, தாள் நேராகப் பெஞ்சு மேல் இருக்க வேண்டும். மூன்றாவது, மின்விசிறியை அணைக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஏப்ரல் மாதம் மின்விசிறியை அணைக்கச் சொல்கிறவள் ஒன்று துறவியாக இருக்க வேண்டும், அல்லது கண்காணிப்பாளர் மேல் ஏதோ கோபம் இருக்க வேண்டும். எழுந்துபோய் அணைத்தேன். சலுகை கேட்கப் பழகியவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ரீபா வினாத்தாளை ஒரு தடவை வாசித்தாள். அனுராதா ஆறாவது கேள்வியை மட்டும் மறுபடி கேட்டாள். கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

நான் இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தேர்வு எழுதுவதைப் பார்த்தவன். பேனாவைக் கடிப்பார்கள், உத்திரத்தைப் பார்ப்பார்கள், எழுதியதைத் திரும்ப வாசித்து அதிலிருந்து அடுத்த வரியைப் பிடிப்பார்கள். இவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தாள் இல்லை. ஆனால் "புதுப் பத்தி" என்பாள், "இதுக்குக் கீழ கோடு போடு" என்பாள், நிறுத்தற்குறி எல்லாம் சொல்லுவாள். நான்காம் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினாள்.

"ரெண்டாம் பக்கத்துல மேலருந்து மூணாவது பத்தி, 'ஆகவே'ன்னு ஆரம்பிச்சோம்லா? அத அடிச்சிட்டு 'எனினும்'னு போடு. அங்கன 'ஆகவே' பொருந்தாது."

ரீபா தாளைப் புரட்டினாள். மேலிருந்து மூன்றாவது பத்தி. 'ஆகவே'. என் மேசையிலிருந்து எழுந்துபோய் நானும் பார்த்தேன். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்பதை நினைவு வைத்துக்கொள்ள முடியாமல் பாதி வழி திரும்பிப் போகிற ஆள் நான். இவள் நான்கு பக்கத்தையும் உள்ளே எங்கேயோ விரித்து வைத்துக்கொண்டு, அதில் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். வேர்வை வழிவது எனக்கு மறந்துபோயிற்று.

கட்டுரை வினா வந்தது. முதலாம் பானிபட் போர். பாபர் காபூலிலிருந்து கிளம்பியது, பீரங்கிகளைத் தோல் கயிற்றால் பிணைத்த வண்டிகளுக்கு நடுவே நிறுத்தியது எல்லாம் சொல்லிவிட்டு, "பானிபட் களத்தில் பாபரை எதிர்த்து நின்றவர் ராணா சங்கா. முற்றுப்புள்ளி," என்றாள்.

ரீபாவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

அனுராதா அடுத்த வரியைச் சொல்லவில்லை.

"கடைசி வரிய வாசி."

"பானிபட் களத்தில் பாபரை எதிர்த்து நின்றவர் ராணா சங்கா," என்று வாசித்தாள் ரீபா.

"இன்னொரு தரம்."

வாசித்தாள். இந்தத் தடவை குரல் மெலிந்திருந்தது.

"ஏட்டி, ராணா சங்காவுக்கு ஒரு புள்ளிதான். 'ங்'குக்கு மட்டும். முற்றுப்புள்ளியச் சேத்தா ரெண்டு. எனக்கு மூணு கேட்டுச்சு."

வெளியே வேப்பமரத்தில் பேனர் படபடப்பது மட்டும் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். 'இப்ராகிம் லோடி' என்று எழுதியிருந்தது. 'ப்'புக்கு ஒரு புள்ளி. 'ம்'முக்கு ஒரு புள்ளி. கடைசியில் முற்றுப்புள்ளி.

கேள்வி கேட்க வேண்டியவன் நான்தான். "உனக்கு எப்படிம்மா..." என்று இழுத்தேன்.

"மூணாப்பு வரைக்கும் எனக்குக் கண்ணு தெரிஞ்சுது சார். பொறவுதான் காய்ச்சல்ல போச்சு. எழுத்தெல்லாம் அதுக்குள்ள படிச்சிட்டேன். கோடு இழுக்கது சர்ருன்னு கேக்கும், புள்ளி வைக்கது டொக்குன்னு கேக்கும். பெஞ்சுல வச்சு எழுதுனா நல்லாவே கேக்கும்." அவள் முகம் ரீபா இருந்த பக்கம் திரும்பியது. "என்னட்டி எழுதியிருக்க?"

"சொல்லாதே," என்றேன் நான். சொன்னால் விடையைச் சொல்லிக்கொடுத்ததாக ஆகும்.

"அவ சொல்லாண்டாம் சார். அவ மாத்துனதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுல்லா. ராணா சங்கா இல்லன்னா பொறவு யாரு, லோடிதான். ரெண்டு புள்ளி சரியா வருது." அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்ப நான் என்ன செய்ய?"

ரீபா அழ ஆரம்பித்திருந்தாள். "உதவின்னு நெனச்சித்தாங்க்கா செஞ்சேன். சரியான விடைதான எழுதுனேன்."

"நான் கேட்டனா?"

ரீபாவின் கை தன்னையறியாமல் பேட்ஜைத் தொட்டது. மன்றத்தின் வேதவாக்கை அந்தப் பிள்ளை ஒருத்திதான் நிஜமாகவே கடைப்பிடித்திருந்தாள். பாவம்.

விதிப்படி நான் முதன்மைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட வேண்டும். எழுதுபவர் விடையைத் திருத்தினால் முறைகேடு. தாள் ரத்து, மூன்று பருவத்துக்குத் தேர்வு எழுதத் தடை. பி.எட். இடம் அத்தோடு போயிற்று. கூப்பிடாமல் விட இன்னொரு வழியும் இருந்தது. அதை நானே சொன்னேன்.

"வாய் தவறிப் போச்சுன்னு வச்சுக்கோம்மா. யாருக்கும் வாய் தவறும். லோடின்னே இருக்கட்டும். நான் பாக்கல."

"வாய் தவறல சார். நான் ராணா சங்கான்னுதான் நெனச்சேன்."

"இப்ப லோடின்னு தெரியும்லா?"

"இப்ப தெரியும். நானா யோசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா மாத்தலாம். இவ புள்ளியக் கேட்டுல்லா தெரிஞ்சுது." உடனே கோபத்தோடு சொன்னாள்: "காலேஜ் சேர்ந்ததுலருந்து இதான் சார். பாசானா, எழுதுன பிள்ளை கெட்டிக்காரிம்பாங்க. பெயிலானா, பாவம் கண்ணு தெரியாதுல்லாம்பாங்க. ரெண்டுலயும் நான் இல்ல. என் தப்பாவது எனக்கு இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடிச்சிட்டு நான் சொன்னத எழுதுட்டி," என்றாள்.

"அக்கா, மார்க்கு போயிருமே."

"போவும்."

"அரியர் போயிருச்சுன்னா?"

அனுராதா கையை நீட்டித் தாளின் ஓரத்தைத் தொட்டாள், எடுத்தாள், மறுபடி தொட்டாள். அவளுக்குப் பயமில்லை என்று நான் நினைத்திருந்தது தப்பென்று அந்த இடத்தில் தெரிந்தது.

"எழுது," என்றாள்.

ரீபா 'இப்ராகிம் லோடி'யை அடித்தாள். மேலே எழுதினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். கோடுகள் சர்ரென்று போயின. நடுவில் ஒரு டொக். கடைசியில் ஒரு டொக். அத்தனை நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தும், அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு அது கேட்டது.

"சரி," என்றாள் அனுராதா.

அடித்தலுக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். முதன்மைக் கண்காணிப்பாளரைக் கூப்பிடவில்லை. இப்போது அந்தத் தாளில் அவளுடையதல்லாத ஒரு சொல்கூடக் கிடையாது. எதைப் புகார் செய்ய?

மீதி நேரத்தில் அவள் சொன்ன வேகம் இருக்கிறதே, ரீபா கையை உதறி உதறி எழுதினாள். இழந்த மார்க்கைப் பிடிக்க இன்னும் இரண்டு கட்டுரைகள் இருந்தன. அக்பரின் நிலவரி, மராத்தியர் நிர்வாகம். வரிசை தப்பாமல், தலைப்பும் உட்தலைப்புமாக வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்று, "ஏட்டி, அழுதுகிட்டே எழுதாத, புள்ளி சரியா விழமாட்டேங்குது," என்றாள். ரீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். மணி அடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறியைப் போட வேண்டும் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

வராந்தாவில் பாக்கியசீலன் கேமராவோடு தயாராக இருந்தார். அனுராதா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டாள். மாட்டிக்கொண்டது ரீபா.

"சொல்லும்மா ரீபா, பார்வையற்ற அக்காவுக்கு நீ எப்படி உதவின?"

ரீபா கேமராவைப் பார்த்தாள். "அக்கா சொன்னத எழுதினேன் சார். சொல்லாத ஒண்ண எழுதினேன், ஏச்சு வாங்கினேன்."

"அதில்லம்மா. நம்ம மன்றத்தோட கொள்கையச் சொல்லு."

"அதச் செஞ்சதுக்குத்தான் சார் ஏச்சு."

பாக்கியசீலன் ரெக்கார்டிங்கை நிறுத்தினார். அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

முடிவு ஜூன் மாதம் வந்தது. அனுராதா தேறியிருந்தாள். தாராளமாக ஒன்றும் இல்லை, விளிம்பில் கால் வைத்துத் தாண்டியிருந்தாள். லோடியின் மார்க் கிடைத்திருந்தால் கொஞ்சம் வசதியாகத் தாண்டியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் துறைக்கு வந்து நின்றாள். கையில் விடைத்தாளின் நகல். பெயிலானவர்கள்தான் நகலுக்குப் பணம் கட்டுவார்கள். பாசான பிள்ளை ஒன்று கேட்கிறதே என்று தேர்வுப் பிரிவில் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விடாமல் வாங்கியிருக்கிறாள்.

"பி.எட். சேர்ந்தாச்சா?"

"சேர்ந்துட்டேன் சார். ஊர்ல எல்லாரும் எழுதுன பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் குடுக்கச் சொல்லுதாங்க. அதான் இத வாங்குனேன். அந்த எடம் எங்கன சார் இருக்கு?"

பக்கத்தைத் தேடி எடுத்து, அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். அவள் விரலைப் பைய இடமிருந்து வலமாக ஓட்டினாள்.

"வழுவழுன்னு இருக்கு. ஒண்ணும் தட்டுப்படலயே."

"நகல்லா. தடம் இருக்காது."

"அடிச்சது தெரியுதா?"

"தெரியுது. மேல ராணா சங்கா தெரியுது. திருத்தினவர் அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல தப்புன்னு குறி போட்டிருக்காரு."

"பெருசா போட்டிருக்காரா?"

"நல்லா பெருசா."

அவள் விரல் அந்த இடத்திலேயே இருந்தது. பிறகு தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "எங்க தெருவுல காட்டணும் சார்," என்று சொல்லிவிட்டு, கைக்கோலை விரித்துக்கொண்டு களக்காட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் வாசல்வரை கூட வரவா என்று கேட்டேன்.

"வேண்டாம் சார்," என்றாள்.