முதல் மீன் மரியாதை

எங்கள் கண்மாய்க் கெண்டையின் நிறத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பக்கத்தில் கொக்கு நின்றால் கொக்குதான் அழுக்காகத் தெரியும். செண்பகத்தோப்பு மலையிலிருந்து ஓடை என்னவோ சுத்தமாகத்தான் இறங்குகிறது. வழியில் சங்கரலிங்கத்தின் பட்டறையைத் தாண்டவேண்டும். பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை. அதன் குழாயை ஓடையில் திறந்துவிட்ட நாளிலிருந்து, தவளை கத்தினால் வாயிலிருந்து நுரைக்குமிழி பறக்கிறது. இந்தக் கண்ணால் பார்த்தேன்.

யாராவது கேட்டால், "கழிவா? பன்னீருலே அது!" என்பார் சங்கரலிங்கம்.

அவருக்கு ஒரே ஆசை, மீன்பிடித் திருவிழாவின் முதல் மரியாதை. வற்றும் கண்மாயில் பிடிக்கிற முதல் மீனைக் கரையிலேயே குழம்பு வைப்பார்கள். மரியாதைக்காரர் ஒரு துண்டு தின்ற பிறகுதான் ஊரே வலையோடு இறங்கும். பங்காளி மாரீஸ்வரன் தலையிலிருந்த பரிவட்டத்தை, கோயிலுக்கு மணி, மைக் செட் என்று வாரி இறைத்து, இந்த வருடம் பிடுங்கியேவிட்டார். தலையில் கட்டும்வரை மீன் ஞாபகமே வரவில்லை மனிதருக்கு.

குழம்பு வைத்த வெள்ளத்தாய் தட்டை நீட்டினாள். மிளகாய்ப் பொடியே வெளுத்துப் போயிருந்தது.

"மாலை போட்டிருக்கேன் தாயி."

"நேத்து புரோட்டாக் கடையில ஒங்க எலையில கெடந்தது கத்திரிக்காயாக்கும்?"

"வயிறு வேற சரியில்ல."

ஊர்த்தலைவர் பால்சாமி தாடையைத் தடவினார். "அப்பம் மரியாதைய மாரீஸ்வரனுக்கே திருப்பிருவோம்."

மாரீஸ்வரன் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான்.

சங்கரலிங்கத்தின் மனைவி காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "மரியாதை நம்ம வீட்ட விட்டுப் போகப்படாது. நான் திங்கேன்" என்று துண்டை எடுத்தாள். வாய்க்குப் போகுமுன் சங்கரலிங்கம் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார்.

"ஏட்டி, வாயில வச்சிராத! எம்பட்டறைத் தண்ணியில வளந்தது அது!"

கீழே விழுந்த துண்டை ஒரு ராஜபாளையம் நாய் மோந்தது. தும்மியது. மலையைப் பார்த்து நடையைக் கட்டியது.

"பன்னீருன்னியளே அண்ணாச்சி?" என்றார் பால்சாமி.

அன்று யாரும் கண்மாயில் இறங்கவில்லை. மறுநாள் குழாயை அடைக்கச் சங்கரலிங்கமே சிமென்டோடு நின்றார். "இன்னும் ரெண்டு சட்டி போடுங்க" என்று காளீஸ்வரி மேற்பார்வை. கழிவைச் சுத்தம் பண்ணத் தொட்டி கட்டும்வரை பட்டறைக்குப் பூட்டு.

ஊர்க்கூட்டமும் சும்மா இருக்கவில்லை. முதல் மரியாதை ஆயுள் முழுக்கச் சங்கரலிங்கத்துக்கே என்று ஒரே குரலில் முடிவானது. அவர் இரண்டு கையையும் கூப்பி, வேண்டவே வேண்டாம் என்றார்.

"அதெப்படி அண்ணாச்சி?" என்றார் பால்சாமி. "ஒங்களுக்குப் பொறவு ஒங்க மகனுக்கு."