பனையை மிஞ்சும் கொடிமரம்

எண்பத்து மூன்றாம் வருஷத்து மாதா திருவிழாவை நினைத்தால் அமிர்தசாமிக்கு இன்றும் முதலில் வெட்கம் வரும், அப்புறம் அப்பாவின் குரல் காதில் கேட்கும்.

திண்டிவனம் பக்கத்தில் சின்ன ஊர். மாதா கோயில் கொடிமரத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. வருஷா வருஷம் கொடிக்கயிற்றைப் பிடிக்கும் அவன் அப்பா சவுரிராயனோ பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். "எனக்கு வேற ஒண்ணும் வாணாம்டா. படுத்துக்கினே ஜன்னல் வழியா கொடியைப் பார்த்துட்டா போதும்" என்றார். ஜன்னலுக்கும் கோயிலுக்கும் நடுவே பனந்தோப்பு. பனையை மிஞ்சுகிற மரத்துக்கு எங்கே போவது? கல்வராயன் மலைக்குத்தான்.

ஒரே மரத்துக்கு, ஒரே நாளைக்கு என்று வனத்துறையில் உத்தரவு வாங்கிக்கொண்டு, அமிர்தசாமி கூட்டாளி சின்னதுரையின் லாரியில் விழுப்புரம் தாண்டிப் போனான். அடிவாரத்தில் முள்ளும் புதரும், நடுநடுவே குட்டை உசிலை மரங்களும்தான். ஏற ஏற மரங்கள் நிமிர்ந்தன. பாதி மலையில் வேங்கை மரங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும்படி நின்றன. அதில் ஒன்றைச் சின்னதுரை கட்டிப்பிடித்தேவிட்டான்.

"இதான்டா நம்ம கொடிமரம்! கோணல் மாணல் ஒண்ணும் இல்ல. வெட்டிக்கினு ஜல்தியா எறங்கலாம்."

"அட போடா! கீழ முள்ளு, இங்க வேங்கை. ஏற ஏற ஒசந்துக்கினேதான போவுது? உச்சியில எப்படி இருக்கும், நெனைச்சுப் பாரு!"

சமவெளியில் மல்லாட்டைக் கடலை பயிரிட்டவன் போட்ட கணக்கு அது. மலைக்குக் கணக்கே வேறு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

உச்சிக்குப் போனால் மரமெல்லாம் குட்டை! காற்றுக்கு முதுகு கூனி, கிளையோடு கிளை பின்னி, உடம்பெல்லாம் பாசி பிடித்து நின்றன. ஒரு முழம் நேராகப் போன கொம்பு இல்லை. அழகென்றால் அப்படியோர் அழகு, பச்சை வெளிச்சத்துக்குள் நின்ற மாதிரி. ஆனால் கொடிமரத்துக்கு ஆகுமா?

திரும்புவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. வழி தப்பி வேறு சரிவில் இறங்கினார்கள். அந்த வேங்கைக் கூட்டம் மறுபடி கண்ணில் படவே இல்லை. அடிவாரத்தில் பொழுது சாய்ந்திருந்தது.

"உத்தரவு இன்னியோட சரிங்க. இங்க இருக்கறதுல ஒண்ணை வெட்டிக்குங்க" என்றார் வனக்காவலர்.

முள்காட்டில் இருந்ததிலேயே நெட்டையானதை வெட்டினார்கள். பனையில் பாதி வராது. வழியில் சின்னதுரை டீ வாங்கிக் கொடுத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அமிர்தசாமிக்கு.

கொடியேற்றத்தன்று அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "ஜன்னல்ல தெரியாதுப்பா. பேராசையில கெடுத்துட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

சவுரிராயன் ஜன்னல் வழியே பனைகளைப் பார்த்தார். "மரம் ஒசரலன்னா என்னடா? என்னைத் தூக்குங்கடா!" என்றார்.

அமிர்தசாமி தலைமாட்டைப் பிடிக்க, சின்னதுரை கால்மாட்டைப் பிடிக்க, கட்டில் தெருவில் போனது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கூடவே நடந்தார்கள். கோயில் முன்னால் இறக்கியதும் பங்குச் சாமியார் கயிற்றை அவரிடமே கொடுத்தார். விளங்குகிற ஒரு கையால் அவர் இழுக்க, இழுத்த கயிறு நழுவாமல் அமிர்தசாமி பின்னால் பிடித்துக்கொண்டான். நெட்டை மரமாக இருந்திருந்தால் பாதியிலேயே கை ஓய்ந்திருக்கும். கொடி உச்சி சேர்ந்தது. அடுத்த திருவிழாவுக்கு அவர் இல்லை.

அன்றைக்கு மூச்சு வாங்க மகனைப் பார்த்து அவர் கேட்டார்: "யார்றா மரம் பார்த்தது? சரியான அளவுடா!"